கிரான்பெர்ரி வத்தல்

குடும்ப வாட்ஸப் குழுவில் அந்தக் கட்டுரையை முதலில் போட்டது பெங்களூரில் இருக்கும் ஸ்ரீநிவாஸின் அத்தை. விஷாகா கணவன் ஸ்ரீநிவாஸைப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் நியூயார்க் ரயிலுக்கு இறக்கிவிட்டுவிட்டு, வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஃபோனைப் பார்த்தாள். அத்தைக்குக் கீழே சித்தப்பா, சித்தப்பாவுக்குக் கீழே சிட்னி மாமா என்று எல்லோரும் கைதட்டும் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள்.

கட்டுரையின் மேலே பெரிய புகைப்படம். ஜெர்சி சிட்டியில் ஒரு சின்ன ரெஸ்டாரண்டின் அடுப்படி. அதில் கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு சிரிப்பவள் ரொனெல்லா. அவள் தோளில் கைபோட்டபடி கிளிப்பச்சைப் பட்டுப் புடவையில் நிற்பது விஷாகாவின் மாமியார் அனந்தலக்ஷ்மி. மாமியாரின் இன்னொரு கையில் கரண்டி இருந்தது. பதினேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் மாமியார் தன் தோளில் கைபோட்டதாக விஷாகாவுக்கு ஞாபகமில்லை.

ரொனெல்லா மூன்சாமி அவளுடைய ஓர்ப்படி. ஸ்ரீநிவாஸின் தம்பி முகுந்தைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. மூன்சாமி என்பது முனிசாமி. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கயானாவுக்குக் கரும்பு வெட்டப் போன யாரோ ஒரு முனிசாமியின் கொள்ளுப்பேத்திக்கும் பேத்தி அவள். அப்பா அம்மா கயானாவிலிருந்து நியூயார்க்கின் குவீன்ஸுக்கு வந்தவர்கள். நாலாவது மாடியில் ஒரு படுக்கையறை வீட்டில் வளர்ந்தவள். அந்த வீட்டு நம்பரைத்தான் தன் ரெஸ்டாரண்டுக்குப் பெயராக வைத்திருந்தாள்: ஃபோர் சி. அம்மா செய்த கரீபியன் குழம்புகள், எதிர் வீட்டு டொமினிகன் பாட்டி கொடுத்தனுப்பிய வாழைக்காய் வறுவல், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவசரமாகக் கிண்டித் தின்ற மக்ரோனி, எல்லாவற்றையும் கலந்து அவள் சமைப்பதை இந்த இரண்டு வருஷத்தில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதெல்லாம் விஷாகாவை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. யார் வீட்டுச் சமையலோ, யாரோ எழுதுகிறார்கள்.

இந்தக் கட்டுரை வேறு. நடுவில் ஒரு பத்தி இருந்தது.

'என் மாமியார் வீட்டில் பரம்பரை பரம்பரையாகச் செய்து வரும் புளிக்குழம்பு இது' என்று ரொனெல்லா சொல்லியிருந்தாள். 'இந்தியாவில் கசப்பான ஒரு சின்னக் காயை உலர்த்திப் போடுவார்கள். இங்கே நாங்கள் கிரான்பெர்ரியை உலர்த்துகிறோம்.' அதற்குக் கீழே கட்டுரை எழுதிய பெண், தான் இதுவரை சாப்பிட்டதிலேயே மறக்க முடியாத கவளம் அது என்று எழுதியிருந்தாள்.

"பரம்பரையாம்!" என்று விஷாகா வண்டிக்குள் தனியாகக் கத்தினாள். பக்கத்துக் காரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் குழம்புக்குப் பரம்பரை கிடையாது. அது பிறந்தது வெஸ்ட் வின்ட்சரில், அவளுடைய அடுப்பில். அப்போது ஷ்ரேயா கைக்குழந்தை. முகுந்த் ரட்கர்ஸில் எம்.எஸ். படித்துக்கொண்டு அவர்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் தங்கியிருந்தான். கடையில் வாங்கிய சுண்டைக்காய் வத்தல் காறல் அடித்துக் குப்பைக்குப் போனது. பனி கொட்டிக்கொண்டிருந்ததால் இந்தியக் கடைகள் இருக்கும் எடிசன் வரை போய் வேறு வாங்க முடியவில்லை. தாங்க்ஸ்கிவிங்குக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த கிரான்பெர்ரி, புளிக்கிற சின்னச் சிவப்புப் பழம், ஒரு பை நிறைய ஃப்ரிட்ஜில் கிடந்தது. விஷாகா அதைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் காயவைத்து, நல்லெண்ணெயில் வறுத்துக் குழம்பில் போட்டாள். முகுந்த் சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "மன்னி, இத நீங்க பேட்டன்ட் பண்ணணும்" என்றான். மாமியார் அடுத்த தடவை வந்தபோது அதே குழம்பைப் பார்த்து, "இதென்ன, சிவப்பா? மருந்தாட்டம்" என்று முகத்தைச் சுளித்தாள்.

அந்த மாமியார்தான் இப்போது கரண்டியோடு நிற்கிறாள்.

சாயங்காலம் ஸ்ரீநிவாஸ் வீட்டுக்கு வந்ததும் விஷாகா ஃபோனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாத்தேன். நன்னா எழுதியிருக்கா. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்."

"அது யாரோட குழம்பு?"

"நம்மாத்துக் குழம்புதான்."

"நம்மாத்துக் குழம்பில்ல. என்னோடது. உங்கம்மாவுக்கு கிரான்பெர்ரின்னா என்னன்னே தெரியாது."

ஸ்ரீநிவாஸ் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "குழம்புக்கு என்ன காப்பிரைட்டா விஷா? யார் பண்ணினா என்ன?" என்றான். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன மறுகணமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாடு பிரெட்டும் ஜாமும்.

மாமியாருக்கும் ரொனெல்லாவுக்கும் இவ்வளவு ஒட்டுதல் ஏற்படும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முகுந்த் இந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது நங்கநல்லூரிலிருந்து வீடியோ காலில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவள் அனந்தலக்ஷ்மி. அப்போதெல்லாம் மணிக்கணக்காகப் பேசி அவளைச் சமாதானப்படுத்தியது விஷாகாதான். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை அமெரிக்கா வந்த மாமியாரை ரொனெல்லா சாப்பிடக் கூப்பிட்டாள். இறைச்சி படாத புதுப் பாத்திரங்கள் வாங்கி, வெங்காயம் பூண்டு இல்லாமல், கயானாவில் பூஜை நாளில் செய்கிற ஏழு வகைக் குழம்பையும் செய்து, அங்கே வழக்கமான அல்லியிலை கிடைக்காததால் வாழையிலையில் பரிமாறினாள். பரங்கிக்காயை மசாலாவோடு மசிய வதக்கியது ஒன்று. வெல்லமும் காரமும் போட்ட மாங்காய் ஒன்று. மாமியார் பரங்கிக்காயை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். விஷாகாவின் சமையலுக்கு அவள் இதுவரை கொடுத்த அதிகபட்சப் பாராட்டு, "உப்பு சரியா இருக்கு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாமியார், "அந்தப் பொண்ணு கைல என்னமோ இருக்கு" என்று பின்சீட்டிலிருந்து சொன்னாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த விஷாகா, இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டாள்.

இந்த வருஷம் மாமியார் வந்ததிலிருந்து பாதி நாளுக்கு மேல் ஜெர்சி சிட்டியில்தான். "அங்க லிஃப்ட்ல இறங்கினா ஊரே இருக்கு. இங்க மனுஷாளப் பாக்கணும்னா கார் வேணும்" என்று காரணம் சொன்னாள். போகும்போது விஷாகா போட்டு வைத்திருந்த வத்தல் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். முகுந்துக்குப் பிடிக்கும் என்று விஷாகாதான் துடைத்து, மூடியை இறுக்கிக் கொடுத்தனுப்பினாள்.

கட்டுரை வந்த வாரக் கடைசியில் முகுந்த் ஃபோன் பண்ணினான்.

"மன்னி, கோவமா இருக்கேளாமே. அண்ணா சொன்னான்."

"எனக்கென்ன கோவம்? பரம்பரைக் குழம்பு, எல்லாரும் பண்ணலாம்."

"ரொனெல்லா ரொம்ப ஃபீல் பண்றா. வத்தல் வேற தீந்துபோச்சு. தாங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடி சனிக்கிழமை அக்கம்பக்கத்துக்காராளுக்கெல்லாம் ஒரு லஞ்ச் போடறா. அதுல இந்தக் குழம்பு வேணுமாம். உங்ககிட்ட நேர்ல வந்து கத்துக்கறேங்கறா. வரலாமா?"

தேவை வந்ததும் ஓடி வருகிறாள் என்றுதான் விஷாகா முதலில் நினைத்தாள். ஆனால் வாய், "வரச் சொல்லு" என்றது. ஊரே புகழ்கிற செஃப் தன் சமையலறையில் வந்து நின்று கற்றுக்கொள்ளப் போகிறாள் என்பதில் ஒரு ருசி இருந்தது. ரொனெல்லா வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கிச்சன் முழுவதையும் தேய்த்துக் கழுவினாள். முதல் நாளே தயிரைக் கடைந்து, மோரைப் புளிக்க வைத்து, ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்தாள்.

ரொனெல்லா ஒரு பெட்டி நிறையக் கிரான்பெர்ரியோடு வந்தாள். நியூஜெர்சியின் தெற்கே பண்ணையிலிருந்து நேராக வாங்கியது. கடைப் பழத்தைவிடச் சிறியது, கருஞ்சிவப்பு. அவளுக்குத் தமிழ் தெரியாது. பேசுவதெல்லாம் ஆங்கிலம். "விஷாகா!" என்று வாசலிலேயே கட்டிப்பிடித்தாள். இரண்டு வருஷமாகியும் அவள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது விஷாகாவுக்கு முள்ளாகத்தான் குத்தியது. அதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எங்கே ஆரம்பிக்கணும்?"

"ஒவ்வொண்ணையும் கீறணும். விதை வரைக்கும் போகக் கூடாது."

விஷாகா ஒன்று கீறிக் காட்டினாள். ரொனெல்லா பையிலிருந்து தன் கத்தியை எடுத்தாள். இவள் பத்து கீறுவதற்குள் அவள் ஒரு கிண்ணத்தை முடித்துவிட்டாள். கத்தி அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது மாதிரி இருந்தது. சத்தம் கேட்டு ஷ்ரேயா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பதினாலு வயசாகிறது. விஷாகா இட்லி ஊற்றக் கூப்பிட்டால்கூட ஹோம்வொர்க் இருக்கிறது என்பாள்.

"ரொனெல்லா ஆன்ட்டி! கேன் ஐ ட்ரை?"

"வா, வா. இப்படிப் பிடி. கட்டை விரலை உள்ளே மடக்கு."

ஷ்ரேயா அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கீறினார்கள். குவீன்ஸில் தன் அம்மா மீன் பொரித்தால் மாடி முழுக்க மணக்கும், கதவு கதவாகத் தட்டு நீளும் என்று ரொனெல்லா கதை சொன்னாள். ஷ்ரேயா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு ஃபோனை எடுத்து வீடியோ பிடித்தாள். விஷாகா அதில் வராமல் இருக்க ஒதுங்கிக்கொண்டாள். ஒதுங்கியபோது ஷ்ரேயா, "தாங்க்ஸ் அம்மா" என்றாள்.

"கீறி முடிச்சாச்சு. அடுத்தது என்ன?" என்று ரொனெல்லா கேட்டாள்.

விஷாகா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மோர்ப் பாத்திரம் நடுத்தட்டில் மூடி போட்டு இருந்தது. கையை நீட்டினாள். பின்னால் ஷ்ரேயா, "யூ ஷுட் கம் எவ்ரி சண்டே" என்று சொல்வது காதில் விழுந்தது.

மோருக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜை மூடினாள்.

"உப்பு" என்றாள். "நன்னா உப்புப் போட்டுப் பிசிறி, ஓவன்ல காய வைக்கணும். அவ்வளவுதான்."

"வேற எதுவும் இல்லையா?"

"இல்ல. இவ்வளவுதான்."

ரொனெல்லா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுப் பழங்களைப் பெட்டியில் வாரிக்கொண்டாள். குழம்பின் மற்ற பக்குவத்தையெல்லாம் விஷாகா ஒளிக்காமல் சொன்னாள். புளியின் அளவு, வறுத்து அரைக்கிற பொடி, எண்ணெய் பிரிகிற பதம் எல்லாம் சரியாகவே சொன்னாள்.

காரில் ஏறும்போது ரொனெல்லா கண்ணாடியை இறக்கினாள். "கட்டுரைல உங்க பேரு வராதது தப்பு. லஞ்ச் அன்னிக்கு மெனு கார்டுல உங்க பேரைப் போடப் போறேன். பெருசா" என்றாள். விஷாகா பதில் சொல்வதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அதன்பிறகு வந்த நாட்கள் அவளுக்கு நிம்மதியாக இல்லை. மோர் இல்லாமல் காய வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வெறும் புளிப்பு, பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. நாக்கின் அடியில் ஒரு துவர்ப்பு ஒட்டிக்கொண்டு போகவே போகாது. அந்தக் குழம்பின் மேல் தன் பெயர் இருக்கப் போகிறது. ஃபோன் பண்ணிச் சொல்லிவிடலாம். தினமும் ஆபீஸ் லஞ்ச் நேரத்தில் ஃபோனைக் கையில் எடுப்பாள். அப்போது கரண்டியோடு நிற்கும் மாமியாரின் படம் கண்ணில் வந்து நிற்கும். யாருக்காவது குழம்பு பிடிக்கவில்லை என்றால், பக்குவம் சொன்னவளையா சொல்வார்கள், சமைத்தவளைத்தானே சொல்வார்கள் என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு ஃபோனை வைத்துவிடுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோருமாக டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கிளம்பிப் போனார்கள். ஃபோர் சி-யில் மேஜைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், மேல்மாடிக் கிழவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, தாதி உடுப்பிலேயே வந்திருந்த இரண்டு பெண்கள் என்று கூட்டம். மாமியார் ஜன்னலோரம் தனக்கென்று இருந்த நாற்காலியில் இருந்தபடி எல்லோரிடமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொண்டிருந்தாள்.

மேஜையில் மெனு கார்டு இருந்தது. மாட்டிறைச்சிக் குழம்பு ஒன்று, காராமணியும் தேங்காய்ப் பாலும் சேர்த்த சாதம், மக்ரோனி, பரங்கிக்காய். கடைசியில், மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில்: 'விஷாகாவின் குழம்பு, நெருப்பில் சுட்ட சீமைப்பலாக்காயுடன்.'

ஸ்ரீநிவாஸ் அதை ஃபோட்டோ எடுத்தான். "இப்ப சந்தோஷமா?" என்று காதோடு கேட்டான். விஷாகா மெனு கார்டைக் கவிழ்த்து வைத்தாள்.

குழம்பு வந்தது. அவள் செய்வதைவிடக் கறுப்பாக, பளபளவென்று இருந்தது. சுட்ட சீமைப்பலாவின் ஒரு துண்டைத் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்தப் புளிப்புக்காகக் கண்ணை இடுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அது வரவில்லை. முதலில் இனிப்பு மாதிரி ஒன்று, அதன் பின்னாலேயே மெல்லிய கசப்பு, அதற்குள் புளி. மூன்றும் சண்டை போடாமல் தொண்டைக்குள் இறங்கின. புகை வாசனையோடு அந்தக் காய் அதை ஏந்திக்கொண்டது. விஷாகா இன்னொரு துண்டு எடுத்தாள். பிறகு கரண்டியால் வெறும் குழம்பைக் குடித்துப் பார்த்தாள். அவளுடைய குழம்பைவிட நன்றாக இருந்தது. அதில் சந்தேகம் இல்லை. மோர் இல்லாமல், அவள் கெடுத்துக் கொடுத்த பக்குவத்தில்.

எதிரே இருந்த பெரியவர் ஒருவர், "நீங்கதானா அந்த விஷாகா?" என்று எழுந்து வந்து கைகுலுக்கினார். தாதிகளில் ஒருத்தி இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டாள். ஷ்ரேயா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தட்ஸ் மை மாம்" என்று எல்லோரிடமும் சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை கேட்க விஷாகா எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! இப்போது கேட்கிறாள், கேட்க முடியவில்லை. மாமியார் ஜன்னலோரத்திலிருந்து, "விஷா, இன்னிக்குத்தான் இது அமைஞ்சிருக்கு" என்றாள்.

எல்லோரும் பழக்கேக்குக்குப் போனபோது விஷாகா எழுந்து அடுப்படிக்குப் போனாள். ரொனெல்லா தனியாக அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருந்துதா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"ரொம்ப."

"உங்களுதைவிட?"

ரொனெல்லா துணியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நேத்து காலைல நீங்க சொன்னபடியே செஞ்சு வாயில வச்சேன். துப்பிட்டேன். நாப்பது பேருக்குச் சொல்லியாச்சு, மெனு அச்சடிச்சாச்சு. எங்கம்மா செய்யற குழம்புக்கு ஊத்தற காசரீப் இருந்தது. மரவள்ளிக்கிழங்குச் சாறைக் கறுப்பாகற வரைக்கும் காய்ச்சின பாகு. அதை ஊத்தினேன். தப்பிச்சேன்." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "உங்க பாட்டில்ல இருந்த வத்தலை வெறும் வாயில தின்னே தீர்த்தவ நான். அதுல ஒரு பால் வாசனை இருந்துது. என்ன அது? தயிரா?"

"மோர்" என்று விஷாகாவின் வாயிலிருந்து தானாக வந்தது.

"ஏன் சொல்லல?"

"மறந்துபோச்சு."

"இல்ல."

வெளியே யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். விஷாகாவுக்கு முகம் சுட்டது. அவமானத்தில் ஆரம்பித்தது, பேசப் பேசக் கோபமாக மாறியது.

"நீ அதைப் பரம்பரைன்னு சொன்னே. அந்தக் குழம்புக்கு எந்தப் பரம்பரையும் இல்ல. நான் கண்டுபிடிச்சது. உன்கூட ஃபோட்டோவுக்கு நின்னாளே, அவ முதல் தடவை அதைப் பாத்து மருந்துன்னா. உனக்கு அதெல்லாம் தெரியாது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அது உங்களுதுன்னு தெரியும். முகுந்த் சொல்லியிருக்கார். ஒரு தடவை இல்ல, ஆயிரம் தடவை. அந்தப் பனி, அந்தப் பை, எல்லாம் தெரியும்."

"அப்புறம் ஏன்…"

"உங்க பேரைச் சொல்லப் பிடிக்கல." ரொனெல்லா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நான் சமைச்சு வச்சுட்டு எதிர்ல உக்காந்தா, அவர் ஒரு வாய் சாப்பிட்டுட்டு, 'பிரமாதம். மன்னி இதுல கொஞ்சம் வெந்தயம் போடுவா'ங்கறார். பரங்கிக்காய் செஞ்சா மன்னி. சாதம் வடிச்சா மன்னி. ஊர்ல எழுதறவங்கெல்லாம் என்னைப் பத்தி எழுதறாங்க. என் வீட்டு மேஜையில நான் ரெண்டாவது. அந்தப் பொண்ணு வந்து கேட்டப்போ, மாமியார்னு சொல்றது எனக்குச் சுலபமா இருந்துது. அவங்களைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்ல."

விஷாகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு வருஷமாக அவள் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்த அதே தீ எதிரே இருப்பவளுக்குள்ளும் எரிந்திருக்கிறது. வருத்தப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு வந்தது வேறு. உள்ளுக்குள் ஏதோ ஒன்று சர்க்கரை மாதிரிக் கரைந்தது. இவ்வளவு பெரிய செஃப் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்! எந்தக் கட்டுரையிலும் இதைவிட நல்ல வரி வந்திருக்க முடியாது. அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று பக்கத்திலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள்.

"வெந்தயம் நான் போடறதே இல்ல" என்றாள். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அது பெருங்காயம்."

ரொனெல்லாவின் உதடு கோணியது. சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்று தெரியவில்லை.

"கார்டுல இருந்து என் பேரை எடுத்துடு" என்றாள் விஷாகா. "நான் பண்ணினதில்ல அது."

"எடுக்க மாட்டேன். அடுத்த வாரமும் வேணும்னு கேட்டுட்டு ஜனங்க போறாங்க."

"அப்படின்னா அதை ஒழுங்காப் பண்ணு. புளிச்ச மோர்ல, உப்புப் போட்டு, ஒரு ராத்திரி முழுக்க ஊறணும். ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்காதே, வெளில."

"காசரீப்பை விட மாட்டேன்."

"அது வேண்டாம். அது வேற ருசி."

"நல்லா இருக்குன்னு நீங்களே சொன்னீங்க."

"சொன்னேன். இருந்தாலும் வேண்டாம்."

அன்று அவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. மன்னிப்பும் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் ஸ்ரீநிவாஸ், "அந்த காராமணி சாதம் இருக்கே, அடடா" என்று ஆரம்பித்தான். விஷாகா ரேடியோவைப் போட்டாள்.

ஆனால் அடுத்த வாரம் அவள் மோரில் ஊறவைத்துக் காயவைத்த வத்தல் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு, தனியாக வண்டியோட்டிக்கொண்டு ஜெர்சி சிட்டிக்குப் போனாள். காலையில் கடை திறப்பதற்கு முன் இரண்டு சட்டிகளில் குழம்பு வைத்தார்கள். ஒன்றில் காசரீப், ஒன்றில் இல்லை. மாமியாரை ருசி பார்க்கக் கூப்பிடலாம் என்று ரொனெல்லா சொன்னாள். "வேண்டாம், அவ ரெண்டையும் தன்னுதும்பா" என்று விஷாகா சொன்னதும் ரொனெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் மோர் வத்தலும் போட்டு, காசரீப்பும் அரைக் கரண்டி விட்ட மூன்றாவது சட்டி இரண்டையும் தோற்கடித்தது. விஷாகா ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாமியார் டிசம்பரில் ஊருக்குப் போனாள். விஷாகா மாதத்தில் ஓரிரு சனிக்கிழமை காலைகளில் ஃபோர் சி-க்குப் போய் வந்தாள். நட்பு என்று அதைச் சொல்ல முடியாது. அவள் எலுமிச்சை ஊறுகாய் போட்டால் ரொனெல்லா அதில் என்ன இருக்கிறது என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிப்பாள். ரொனெல்லா மாங்காயை எப்படி உடையாமல் வேக வைக்கிறாள் என்று விஷாகா ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். கேட்க மாட்டாள். ரொனெல்லாவுக்குப் பெரிய விருது ஒன்றின் முதல் சுற்றில் பெயர் வந்தபோது விஷாகாவின் நெஞ்சு பழையபடி எரிந்தது. வாழ்த்து அனுப்பினாள். பிறகு வீடு முழுவதும் வாக்குவம் கிளீனர் போட்டாள்.

பிப்ரவரியில் இணையத்தில் ஒருவன் ஃபோர் சி-யைக் கிழித்து எழுதினான். மக்ரோனி கெட்டிதட்டியிருந்தது, சாதம் குழைந்திருந்தது, ஆரவாரம் அதிகம், சரக்குக் குறைவு என்றெல்லாம். விஷாகா ஆபீஸில் அதை முதல் தடவை படித்தபோது, மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. இரண்டாவது தடவையும் அந்தச் சந்தோஷத்துக்காகவே படித்தாள். அப்போதுதான் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது. குழம்பு என்று ஒன்று வந்தது, புளி தூக்கலாக இருந்தது, யாரோ தெரியாமல் இரண்டு முறை ஊற்றியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தான்.

அவள் எழுந்து காரிடாருக்குப் போய் ரொனெல்லாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"படிச்சுட்டீங்களா?"

"படிச்சேன். யாரவன்? புளின்னா என்னன்னு தெரியாதவனெல்லாம் குழம்பைப் பத்தி எழுத வந்துட்டான்."

"சாதம் குழைஞ்சதுன்னு சொல்றான்" என்றாள் ரொனெல்லா.

விஷாகா யோசித்தாள். "சாதம் கொஞ்சம் குழையத்தான் செய்யறது" என்றாள். "சனிக்கிழமை வரேன். நீ எவ்வளவு தண்ணி வைக்கறேன்னு காட்டு."